பணம் போனால் யார் பொறுப்பு?

சுவா சூ காங் வட்டாரத்து வீவக புளோக்குகளில் மின்தூக்கிக்காகக் காத்திருக்கும் அரை நிமிடத்தில் கண் போய் நிற்பது பெரும்பாலும் மோசடி எச்சரிக்கைச் சுவரொட்டியில்தான். தெரியாத இணைப்பைத் தொடாதீர்கள், மறைச்சொல்லை யாரிடமும் சொல்லாதீர்கள், சந்தேகம் வந்தால் 1799 என்ற எண்ணை அழையுங்கள். சொல்வதெல்லாம் சரி. ஆனால் அந்த வாசகங்கள் அனைத்துக்கும் எழுவாய் ஒன்றே: நீங்கள். நீங்கள் விழித்திருக்க வேண்டும், நீங்கள் சரிபார்க்க வேண்டும், தவறினால் நட்டமும் உங்களுடையது. 2024ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் 51,000க்கு மேற்பட்ட மோசடிச் சம்பவங்களில் மக்கள் இழந்தது குறைந்தது 1.1 பில்லியன் வெள்ளி. அதற்கு முந்தைய ஆண்டு இழப்பு ஏறத்தாழ 652 மில்லியன் வெள்ளி. இடைப்பட்ட ஓராண்டில் சுவரொட்டிகளும் விழிப்புணர்வுக் கூட்டங்களும் குறைந்துவிடவில்லை. வங்கி, காப்புறுதி, கடன் ஆகிய மூன்றிலும் இந்த நகரம் கடந்துவந்த பாதையைப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. வாடிக்கையாளர் கூடுதல் கவனமாக மாறியதால் அவர் காக்கப்பட்டார் என்று சொல்ல இங்கே அதிகச் சான்று இல்லை. இழப்பைத் தடுக்கும் ஆற்றல் யாரிடம் இருந்ததோ அவர் தலையிலேயே அந்த இழப்பையும் விதி ஏற்றியபோதுதான் அவர் காக்கப்பட்டார். அந்த விதி இப்போது பாதி வழியில் நிற்கிறது.

ஒழுங்குமுறை எதற்காகப் பிறந்தது என்று அறிய நம் சமூகத்தின் வரலாறே போதும். மார்க்கெட் ஸ்திரீட்டில் நகரத்தார் வட்டித் தொழில் நடத்திய கிட்டங்கிகள் வரிசையாக இருந்த காலத்தில் ஒரு மரப்பெட்டி, ஒரு கணக்கேடு, உட்கார நாலடி இடம், அவ்வளவுதான் கடை. கடன் கேட்டு வருபவர் எங்கே வேலை செய்கிறார், அவருக்கு யார் பிணை என்பது கொடுப்பவருக்குத் தெரியும். கொடுப்பவருடைய விலாசத்தின் பெயர் எப்படிப்பட்டது என்பது வாங்குபவருக்குத் தெரியும். அந்த முகப்பழக்கமும் எல்லாரையும் காக்கவில்லை என்பதால்தான் 1930களிலேயே காலனி அரசு வட்டித் தொழிலுக்குச் சட்டம் போட்டது. 1970களில் நகரச் சீரமைப்புக்காக நிலம் எடுக்கப்பட்டு மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கிகள் மறைந்தன. 1971இல் சிங்கப்பூர் நாணய ஆணையம் தோன்றியது. இன்று நமக்குக் காப்புறுதி விற்பவர் அந்த ஒப்பந்தத்தை எழுதியவர் அல்லர். எழுதியவர் நம் முகத்தைப் பார்த்ததே இல்லை. தேக்கா சந்தையில் மீன் வாங்குபவர் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு வாங்கலாம். இருபது ஆண்டு கழித்துப் பலன் தரப்போகும் காப்புறுதியில் தூக்கிப் பார்க்கச் செவுள் ஏது? வாங்குபவரால் பார்க்க முடியாததை அவருக்காகப் பார்ப்பதுதான் ஒழுங்குமுறையின் வேலை. ஒருவரின் அறிவையோ படிப்பையோ குறைத்து மதிப்பிடுவதல்ல இது. பொருளின் இயல்பு அப்படி.

இந்த வேலை நன்றாக நடக்கும்போது அது வெளியே தெரிவதில்லை. 2008 செப்டம்பரில் அமெரிக்காவின் ஏஐஜி தள்ளாடியபோது, அதன் துணை நிறுவனமாக இருந்த ஏஐஏயின் ஃபின்லேசன் கிரீன் அலுவலகத்தின் முன் நூற்றுக்கணக்கானோர் தங்கள் காப்புறுதியை முறித்துப் பணத்தைத் திரும்பப் பெற வரிசையில் நின்றார்கள். நடுவில் முறித்தால் கட்டிய பணத்தில் பெரும்பகுதி போகும் என்று தெரிந்தும் நின்றார்கள். அவசரப்பட வேண்டாம், கடமைகளைத் தீர்க்கப் போதிய சொத்து இங்குள்ள காப்புறுதி நிதியில் இருக்கிறது என்று நாணய ஆணையம் அறிவித்தது. அதை ஆணையத்தால் சொல்ல முடிந்ததற்குக் காரணம், பாலிசிதாரர்களின் நிதியை நிறுவனத்தின் மற்றப் பணத்தோடு கலக்காமல் தனியே வைத்திருக்க வேண்டும் என்ற விதி. அந்த வரிசையில் நின்ற எவரும் அப்படியொரு விதி இருப்பதை அறிந்திருக்க வேண்டிய தேவையே இல்லாமல் அது அவர்களைக் காத்தது. அடுத்த மாதமே அரசு நாட்டின் இருப்பிலிருந்து 150 பில்லியன் வெள்ளியைப் பின்பலமாகக் காட்டி, 2010 இறுதி வரை வைப்புத்தொகை அனைத்துக்கும் உத்தரவாதம் தந்தது. வைப்புத்தொகைக் காப்புறுதியும் அப்படித்தான் ஓசையின்றி வளர்ந்தது: 2006இல் ஒருவருக்கு ஒரு வங்கியில் 20,000 வெள்ளி, 2011இல் 50,000, 2019இல் 75,000, 2024 ஏப்ரலிலிருந்து 1 லட்சம். அதற்கான சந்தாவைக் கட்டுவது வங்கி. சேமிப்பாளர் விண்ணப்பம்கூட நிரப்புவதில்லை.

அதே செப்டம்பர் இதற்கு எதிரான பாடத்தையும் தந்தது. லேமன் பிரதர்ஸ் சரிந்தபோது, மினிபாண்ட் போன்ற பெயர்களில் விற்கப்பட்ட கட்டமைப்பு முறிகளில் ஏறத்தாழ 10,000 சிங்கப்பூர் முதலீட்டாளர்கள் 500 மில்லியன் வெள்ளிக்கு மேல் போட்டிருந்தார்கள். பெயரில் பாண்ட் இருந்தது. உள்ளே இருந்தது, பல பெரிய நிறுவனங்களின் கடன் நிலையோடு பிணைக்கப்பட்ட சிக்கலான ஒப்பந்தம். வாங்கியவர்களில் ஓய்வுபெற்றவர்கள் இருந்தார்கள், ஆரம்பக் கல்வியோடு நின்றவர்கள் இருந்தார்கள். வைப்புத்தொகையைப் போலப் பத்திரமானது, வட்டி மட்டும் கூடுதல் என்று நம்பி வாங்கியதாகப் பலர் சொன்னார்கள். அப்போதைய ஒழுங்குமுறையின் அடிப்படைக் கொள்கை வெளிப்படுத்தல்: அபாயம் விளக்க ஏட்டில் அச்சிடப்பட்டிருக்க வேண்டும், படித்து முடிவெடுப்பது வாங்குபவர் பொறுப்பு. அபாயம் அச்சில் இருந்ததுதான். ஆனால் முறியைத் தயாரித்தவருக்கும் விற்றவருக்கும் விற்கும்போதே வருமானம் வந்துவிட்டது. பிறகு நேர்வதன் சுமை முழுக்க வாங்கியவருடையது. ஹோங் லிம் பூங்காவின் பேச்சாளர் முனையில் பாதிக்கப்பட்டவர்களுக்காக டான் கின் லியான் முன்னின்று நடத்திய சனிக்கிழமைக் கூட்டங்களுக்கு நூற்றுக்கணக்கில் மக்கள் வந்தது இதனால்தான். 2009 ஜூலையில் ஆணையம் விசாரணை அறிக்கையை வெளியிட்டு, பத்து நிதி நிறுவனங்கள் அத்தகைய முறிகளை விற்க ஆறு மாதம் முதல் ஈராண்டு வரை தடை விதித்தது. பின்னர் வந்த விதிகள் வேறு திசையில் நடந்தன. சிக்கலான பொருளை விற்குமுன் வாங்குபவருக்கு அது புரியுமா என்று சோதிக்கும் கடமை விற்பவருக்கு வந்தது. ஆலோசகரின் ஊதியத்தில் ஒரு பகுதி, விற்ற தொகையோடு நிற்காமல் விற்ற முறையையும் சார்ந்ததாக ஆனது. படித்துப் பார் என்று வாங்குபவரிடம் சொன்ன காலம் போய், பார்த்து விற்றாயா என்று விற்பவரைக் கேட்கும் காலம் வந்தது.

கடன் தொழிலில் இந்த மாற்றம் இன்னும் வெளிப்படை. முன்பெல்லாம் வட்டிக்கு மட்டும் வரம்பு வைத்துப் பார்த்தார்கள். வட்டியைப் பிடித்தால் கட்டணமாக முளைத்தது, ஒரு கட்டணத்தைப் பிடித்தால் வேறு பெயரில் இன்னொன்று வந்தது. பொருளியலாளர் மனு பாஸ்கரன் தலைமையிலான ஆலோசனைக் குழுவின் பரிந்துரைகளுக்குப் பிறகு 2015 அக்டோபர் 1 முதல் எல்லா வாசல்களையும் சேர்த்துப் பூட்டினார்கள். வட்டி மாதத்துக்கு 4 விழுக்காட்டுக்குள், தாமத வட்டியும் அதே அளவுக்குள், தாமதக் கட்டணம் மாதம் 60 வெள்ளிக்குள், நிர்வாகக் கட்டணம் கடன் தொகையில் 10 விழுக்காட்டுக்குள். இவற்றுக்கெல்லாம் மேலே ஒரு கூரை: எல்லாச் செலவும் சேர்ந்து முதலைத் தாண்டக்கூடாது. 1,000 வெள்ளி வாங்கியவர் எத்தனை மாதம் தவறினாலும் முதலுக்கு மேல் இன்னொரு 1,000தான் கட்ட நேரும். நம்மவருக்கு இது புதிய சிந்தனை அன்று. வட்டி முதலை மிஞ்சலாகாது என்ற தாம்துபத் விதி பழைய இந்து நீதிநூல் மரபில் உண்டு. பம்பாய் நீதிமன்றங்கள் அதை ஆங்கிலேயர் ஆட்சியிலும் கைவிடவில்லை. இங்கே கூடுதலாக இருப்பது விதியைக் காக்கும் அமைப்பு. தமிழ்நாட்டில் 2003 முதலே கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. இருந்தும் 2017 அக்டோபரில் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்திலேயே, கடன் தொல்லை தாளாமல், இரண்டு சிறு குழந்தைகளோடு ஒரு குடும்பம் தீக்குளித்து மாண்டது. புகார் வந்தபின் தண்டிக்கும் சட்டத்துக்கும், கடன் கொடுக்குமுன்பே உரிமம் கேட்டு, கணக்கைப் பார்த்து, தவறினால் தொழிலையே நிறுத்தும் பதிவகத்துக்கும் உள்ள வேறுபாடு அந்த இழப்பில் தெரிகிறது. இங்கே உரிமம் பெற்றவர் விளம்பரம் செய்ய மூன்றே இடங்கள்: வணிகத் தகவலேடு, சொந்த இணையத்தளம், சொந்தக் கடை முகப்பு. ஆகவே கைத்தொலைபேசிக்குத் தானாக வரும் கடன் அழைப்பு எதுவும் உரிமம் பெற்றவருடையதாக இருக்க முடியாது. இதை ஒவ்வொரு குடும்பமும் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

வரம்பு வைத்தால் ஏழைக்கு யாரும் கடன் தர மாட்டார்கள், அவர் கடன்முதலையிடம் போவார் என்பது இந்த விதிகளுக்கு எதிரான பழைய மறுப்பு. இதைத் தள்ளிவிட முடியாது. மாதம் 4 விழுக்காடு என்பது ஆண்டுக்கு 48 விழுக்காடு. எந்த அளவுகோலிலும் அது அதிகம். சட்டத்துக்குட்பட்ட கடன் அடியோடு வற்றிவிடக் கூடாது என்றுதான் வரம்பு அந்த உயரத்தில் வைக்கப்பட்டது. மறுபக்கம், உரிமமின்றிக் கடன் கொடுப்பவருக்குச் சிறை, 3 லட்சம் வெள்ளி வரை அபராதம், பிரம்படி எனச் சட்டம் கடுமையாக்கப்பட்டது. படிக்கட்டுச் சுவரில் வீட்டு எண்ணோடு கடனைக் கட்டு என்று சிவப்புச் சாயத்தில் எழுதிவிட்டுப் போகும் கொடுமை 2009 வாக்கில் உச்சத்தில் இருந்தது. அதன்பின் வெகுவாகக் குறைந்தது. வரம்பும் காவலும் சேர்ந்து வந்தால் ஏழைகள் கூட்டமாகக் கடன்முதலையிடம் போய்விடுவதில்லை என்பதற்கு இந்நகரமே சாட்சி. ஆனால் ஓரிடத்தில் மறுப்பு வலுவாகவே இருக்கிறது. ஆண்டு வருமானம் 10,000 வெள்ளிக்குக் குறைந்த வெளிநாட்டு ஊழியர், உரிமம் பெற்றோர் எல்லாரிடமும் சேர்த்து 500 வெள்ளிதான் வாங்கலாம். அதே வருமானமுள்ள சிங்கப்பூரருக்கு வரம்பு 3,000. சுங்கை காடுட், கிராஞ்சி தங்குவிடுதிகளில் இருக்கும் நம் தம்பிமார்களில் பலருடைய பெருங்கடன் இங்கே வாங்கியதன்று. வேலைக்கு வருவதற்காக ஊரிலேயே முகவருக்குக் கொடுக்க வாங்கியது. சிங்கப்பூர் முகவர் ஊழியரிடம் வாங்கும் கட்டணத்துக்கு இரண்டு மாதச் சம்பளம் என்ற உச்சவரம்பு உண்டு. மன்னார்குடியிலோ அறந்தாங்கியிலோ இருக்கும் முகவரை அந்த வரம்பு எட்டாது. கடனின் வேரை விட்டுவிட்டு நுனியில் 500 வெள்ளி என்று வரம்பு கட்டுவது, தாய்க்கு மருத்துவச் செலவு என்று அவசரம் வரும் நாளில் அந்த ஊழியரைச் சட்டத்துக்கு வெளியே தள்ளக்கூடும். பாதுகாப்பு விதியும் அளவு தவறினால் கதவடைப்பாகிவிடும். ஊழியருக்கான அவசரக்கால நிதியோ முதலாளி வழி முன்பணமோ அதனுடன் சேர்ந்து வந்தாக வேண்டும்.

இனி வங்கிக் கணக்குக்கு வருவோம். 2021 டிசம்பரில் ஓசிபிசி வாடிக்கையாளர்களுக்கு வந்த போலிக் குறுஞ்செய்திகள், அந்த வங்கியின் உண்மையான செய்திகள் வந்துகொண்டிருந்த அதே வரிசையில் போய் உட்கார்ந்தன. ஏறத்தாழ 790 பேர் 13.7 மில்லியன் வெள்ளியை இழந்தார்கள். நேற்று வரை வங்கி பேசிய அதே இடத்தில் இன்று திருடன் பேசினால், கவனமாக இரு என்ற அறிவுரைக்கு என்ன பொருள்? வங்கி நல்லெண்ண அடிப்படையில் முழு இழப்பையும் ஈடுசெய்தது. அதன் கையாளுதலில் குறைகள் இருந்ததைச் சுட்டிய ஆணையம், 2022 மே மாதத்தில் ஏறத்தாழ 330 மில்லியன் வெள்ளி கூடுதல் மூலதனத்தை ஒதுக்கி வைக்குமாறு பணித்தது. குறுஞ்செய்தியில் இணைப்பு அனுப்புவதை வங்கிகள் நிறுத்தின. பதிவு செய்யாதவர் அனுப்பும் செய்திகள் மோசடியாக இருக்கலாம் என்ற முத்திரையோடு வரலாயின. கடைசியில் 2024 டிசம்பர் 16 அன்று பகிர்வுப் பொறுப்புக் கட்டமைப்பு நடப்புக்கு வந்தது. அதன் தர்க்கம் எளிது. தூண்டில் மோசடியில் பணம் போனால் முதலில் வங்கி தன் கடமைகளைச் செய்ததா என்று பார்க்க வேண்டும்: புதிய மின்னிலக்க வில்லைக்கு 12 மணி நேரக் காத்திருப்பு, உடனடி அறிவிப்பு, எந்நேரமும் கணக்கை முடக்கும் வசதி, 50,000 வெள்ளிக்குக் குறையாத கணக்கில் பாதிக்கு மேல் ஒரே நாளில் வழிந்தோடினால் தடுத்து நிறுத்தும் கண்காணிப்பு. ஒன்று தவறினாலும் முழு இழப்பு வங்கியுடையது. வங்கி சரியென்றால் தொலைத்தொடர்பு நிறுவனம். இருவரும் சரியென்றால் வாடிக்கையாளர்.

இது பெரிய முன்னேற்றம் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அதன் எல்லை எங்கே முடிகிறது என்று பாருங்கள். கைத்தொலைபேசிக்குள் புகும் தீய செயலிகளால் போன பணம் இதில் அடங்காது. ஏமாற்றப்பட்டவர் தாமே அனுப்பிய பணம், அதாவது முதலீட்டு மோசடி, வேலை மோசடி, காதல் மோசடி, அதிகாரிபோல் நடித்த மோசடி, எதுவும் அடங்காது. 2024இல் பதிவான சம்பவங்களில் பத்தில் எட்டுக்கு மேற்பட்டவை இந்த இரண்டாம் வகை. அதாவது மிகப் பெரிய ஓட்டை எதுவோ அதற்கு இந்தக் கட்டமைப்பில் அடைப்பு இல்லை. தானே அனுப்பினாரே, வங்கி என்ன செய்யும் என்று கேட்கிறார்கள். பணத்தைப் பெற்றுக்கொண்ட கணக்கும் ஏதோவொரு வங்கியில் திறக்கப்பட்டதுதான். நேற்று வரை சில நூறு வெள்ளி புழங்கிய கணக்கில் இன்று பத்துப் பேர் பணம் வந்து பத்து நிமிடத்தில் வெளியேறுவதைப் பார்க்கக்கூடியவர் அந்த வங்கி ஒருவரே. போலி விளம்பரத்தைக் காட்டியதற்குக் காசு வாங்கியது ஒரு சமூக ஊடகத் தளம். இந்தச் சங்கிலியில் எதையும் பார்க்க முடியாதவர் வாடிக்கையாளர் மட்டுமே. சங்கிலி அறுந்தால் முழு எடையும் விழுவதும் அவர்மேல்தான்.

இதற்கு வரும் முதன்மையான மறுப்பு, இழப்பீடு உறுதியென்றால் மக்கள் அலட்சியமாவார்கள் என்பது. கேட்கும்போது சரியாகத் தோன்றும் இவ்வாதத்தைச் சோதித்துப் பார்த்த அனுபவம் உலகில் உண்டு. ஏடிஎம் இயந்திரங்கள் பரவிய காலத்தில், நான் எடுக்காத பணம் என் கணக்கில் கழிந்திருக்கிறது என்று வாடிக்கையாளர் சொன்னால், அமெரிக்காவில் மெய்ப்பிக்கும் சுமை வங்கிக்கு இருந்தது; பிரிட்டனில் வாடிக்கையாளருக்கு. கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ராஸ் ஆண்டர்சன் இரு நாடுகளையும் ஒப்பிட்டபோது, பிரிட்டிஷ் வங்கிகள் பாதுகாப்புக்கு அதிகம் செலவிட்டும் அதிக மோசடிக்கு ஆளானதைக் கண்டார். புகாரை மறுத்து அனுப்பிவிடலாம் என்ற நிலையில் வங்கி ஊழியர்களிடம் கவனக்குறைவு வளர்ந்தது. அலட்சியம் இழப்பீடு பெறுபவரிடம் வளரும் என்று அஞ்சினோம். அது வளர்ந்தது இழப்பைத் தாங்காதவரிடம். நம்மூரிலும் சான்று உண்டு. கடன் அட்டை தொலைந்து வேறொருவர் அதைப் பயன்படுத்தினால், தன்மேல் பெருங்கவனக்குறைவு இல்லாத வாடிக்கையாளரின் பொறுப்பு பொதுவாக 100 வெள்ளியோடு நிற்கிறது. அதனால் யாரும் அட்டையைக் காப்பிக்கடை மேசையில் விட்டுவிட்டுப் போவதில்லை. வழக்கத்துக்கு மாறான செலவென்றால் உடனே அழைக்கும் கண்காணிப்பில் வங்கிகள் தேர்ந்திருப்பது, அந்த நட்டம் தங்கள் கணக்கில் விழும் என்பதால். தீய செயலிகளின் கதையும் இதையே சொல்கிறது. 2023இல் அவற்றால் பலர் சேமிப்பை, சிலர் மத்திய சேம நிதியைக்கூட, இழந்தார்கள். வெளியிடத்திலிருந்து இறக்கிய ஆபத்தான செயலிகள் இருந்தால் வங்கிச் செயலி திறக்காது என வங்கிகள் செய்தன. 2024 தொடக்கத்தில் கூகல் அத்தகைய செயலிகள் கைத்தொலைபேசியில் ஏறுவதையே தடுக்கத் தொடங்கியது. புகார்கள் சரிந்தன. ஓராண்டில் நம் பாட்டிமார்கள் கணினி வல்லுநர்கள் ஆகிவிடவில்லை. கதவை வைத்திருந்தவர்கள் கதவைச் சாத்தினார்கள்.

செலவை எல்லா வாடிக்கையாளர் தலையிலும் கட்டுவார்கள் என்பது அடுத்த மறுப்பு. கட்டக்கூடும். வைப்புத்தொகைக் காப்புறுதியின் சந்தாவும் அப்படித்தான் பரவலாக ஏற்கப்படுகிறது. பல லட்சம் பேர் சில காசுகளைச் சுமப்பதற்கும், ஓய்வுக்காலச் சேமிப்பு முழுவதையும் ஒருவரே ஒரு பிற்பகலில் இழப்பதற்கும் உள்ள வேறுபாட்டுக்காகத்தான் காப்புறுதி என்ற கருத்தே உண்டானது. பிரிட்டன் 2024 அக்டோபர் 7 முதல், ஏமாற்றப்பட்டுத் தாமே அனுப்பிய பணத்துக்கும் 85,000 பவுண்டு வரை ஈடு வழங்க வங்கிகளைக் கட்டாயப்படுத்தியுள்ளது. அனுப்பிய வங்கியும் பெற்ற வங்கியும் பாதிப்பாதி. பெருங்கவனக்குறைவுக்கு விலக்கும் உண்டு, வாடிக்கையாளர் 100 பவுண்டு வரை ஏற்க வைக்கவும் வங்கிக்கு இடமுண்டு. அதை அப்படியே இங்கே நகலெடுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நம் வங்கிகள் ஒரு சிலவே, மோசடிக்காரர்கள் பெரும்பாலும் கடல் கடந்தவர்கள், இழப்பீட்டையே குறிவைக்கும் பொய்ப் புகார்களும் வரும். உச்சவரம்பு, ஒரு சிறு பங்கை வாடிக்கையாளர் ஏற்பது, பெறும் வங்கிக்கும் பங்கு ஆகிய மூன்றை மட்டுமாவது எடுத்துக்கொள்ளலாம்.

வளர்ந்தவர்களின் பணத்தில் அரசுக்கு என்ன வேலை என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். 2025 ஜூலை முதல், மோசடிக்காரருக்குப் பணம் அனுப்பியே தீருவேன் என்று நிற்பவரின் கணக்கை 30 நாள் கட்டுப்படுத்த வங்கிகளுக்கு ஆணையிடும் அதிகாரம் காவல்துறைக்கு உண்டு. கடுமையான அதிகாரம்தான், மற்ற வழிகள் பலிக்காதபோது மட்டும் என்ற வரையறை அவசியம். ஆனாலும் குடும்பம் கதறியும் கேட்காமல் அனுப்பிக்கொண்டிருப்பவர் சுதந்திரமாக முடிவெடுக்கிறார் என்று சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை. அவர் மனத்தை வேறொருவர் வாரக்கணக்கில் பிடித்து வைத்திருக்கிறார். என் கவலை வேறு. தனிமனிதரின் கணக்கை முடக்கச் சட்டம் துணிந்துவிட்டது. விளம்பரக் காசு வாங்கும் தளத்திடமிருந்து பாதிக்கப்பட்டவருக்கு ஈடு பெற்றுத்தர இன்னும் துணியவில்லை. 2025 செப்டம்பரில் காவல்துறை மெட்டா நிறுவனத்துக்கு, ஃபேஸ்புக்கில் ஆள்மாறாட்ட மோசடிகளைத் தடுக்குமாறு ஆணை பிறப்பித்தது; மீறினால் ஒரு மில்லியன் வெள்ளி வரை அபராதம். அந்த அபராதம் அரசுக்குப் போகும். பணத்தைப் பறிகொடுத்த முதியவர் ஒருவருக்கு அதிலிருந்து ஒரு காசும் வராது. மாறாக, ஆஸ்திரேலியா 2025 பிப்ரவரியில் நிறைவேற்றிய சட்டம் வங்கி, தொலைத்தொடர்பு, மின்னிலக்கத் தளம் மூன்றையும் ஒரே கட்டமைப்புக்குள் கொண்டுவருகிறது.

இன்று வங்கியோடு வழக்காட வேண்டியவர் நிதித்துறைப் பூசல் தீர்வு மையமான ஃபிட்ரெக்குக்குப் போகலாம். 2005இல் தொடங்கிய அமைப்பு. வழக்கறிஞர் தேவையில்லை, கட்டணம் சிறிது, தீர்ப்பை வாடிக்கையாளர் ஏற்றால் நிறுவனம் கட்டுப்பட்டாக வேண்டும். 2024 ஜூலையில் அதன் வரம்பு 1 லட்சத்து 50,000 வெள்ளியாக உயர்ந்தது. ஆனால் எந்த நொடியில் எந்த எச்சரிக்கை மணி அடித்தது, அதை யார் பார்த்தார் என்ற பதிவெல்லாம் வங்கியின் கணினியில் இருக்கும்போது, தன் பக்கத்தை நிறுவ, பணத்தை இழந்த முதியவர் எதைக் கொண்டுபோவார்? மெய்ப்பிக்கும் சுமையைப் பதிவுகளை வைத்திருப்பவருக்கு மாற்றுவது, இழப்பீட்டுத் தொகையை உயர்த்துவதைவிட முந்திச் செய்ய வேண்டிய திருத்தம். அதற்கடுத்து, பொறுப்புக் கட்டமைப்பின் படிவரிசை. முதல் படியில் பணத்தை அனுப்பிய வங்கியோடு பெற்ற வங்கியும் நிற்கட்டும். இரண்டாம் படி தொலைத்தொடர்பு நிறுவனத்துக்கு, இப்போது உள்ளபடியே. வாடிக்கையாளர் நிற்கும் மூன்றாம் படிக்கு, போலி விளம்பரத்தைக் காசு வாங்கிக் காட்டிய தளம் வர வேண்டும். வாடிக்கையாளர் நான்காவது.